விடுதலை வழக்கறிஞர் டானியல் ஓகானல் – 6: சட்டம் தடுக்காத வாசல்

1828-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெலிங்டன் பிரபு தமது மந்திரி சபையில் சில மாறுதல்களைச் செய்தபோது, வர்த்தக இலாகாவின் தலைமைப் பதவியை வீஸி பிட்ஸ்ஜெரால்டு என்பவருக்கு அளித்தார். காமன்ஸ் சபை அங்கத்தினர் ஒருவர் மந்திரி உத்தியோகம் ஏற்றுக்கொண்டால் சபையில் அவர் வகித்த ஸ்தானம் காலியாகிவிடும் என்பதும், தம் தொகுதிக்கு மீண்டும் சென்று வோட்டுப் பெற்றே அவர் சபைக்குத் திரும்ப வேண்டும் என்பதும் அக்காலத்து இங்கிலாந்தின் விதி. பிட்ஸ்ஜெரால்டின் தொகுதி, அயர்லாந்தின் மேற்குக் கரையில் அட்லாண்டிக் சமுத்திரத்தை நோக்கிக் கிடக்கும் கிளேர் ஜில்லா. அங்கே அவரை எதிர்த்து ஒருவர் நிற்பார் என்று லண்டனில் யாரும் நினைக்கவில்லை. நினைப்பதற்குக் காரணமும் இருக்கவில்லை. குடியானவர்களிடையே அவருக்கு நற்பெயர் உண்டு. தாம் பிராட்டஸ்டண்டாக இருந்தும், கத்தோலிக்கருக்குச் சம உரிமை வழங்க வேண்டுமென்னும் கட்சியை அவர் ஆதரித்து வந்தவர். அவருடைய தந்தையோ, அயர்லாந்தின் தனிப் பார்லிமெண்டை ஒழித்து அந்நாட்டை இங்கிலாந்தோடு பிணைத்த 1800-ஆம் வருஷத்துச் சட்டத்தை எதிர்த்து நின்று, அதன் பொருட்டுத் தமது உயர்ந்த உத்தியோகத்தையே இழந்தவர்.

இத்தகைய ஒருவரை எதிர்க்க வேண்டிய தர்மசங்கடம், கத்தோலிக்கரான ஓகானல் முன்னின்று நடத்திய கத்தோலிக்க சங்கத்திற்கு ஏற்பட்டது. வெலிங்டனுடைய அரசாங்கத்தை ஆதரிக்கும் எந்த அபேட்சகரையும், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தபோதிலும், எதிர்த்தே தீருவது என்று சங்கம் ஏற்கெனவே தீர்மானம் செய்திருந்தது. அந்தத் தீர்மானத்தை முதன்முதலில் பிரயோகிக்க வேண்டிய இடத்தில், பகைவன் ஒருவன் நிற்பதற்குப் பதிலாக நண்பர் ஒருவர் வந்து நின்றார். சங்கத்தார் முதலில் ஒரு பிராட்டஸ்டண்டு கனவானைத் தேடினார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் டெஸ்டெர் என்பவரோடு ஓகானல் கைத்துப்பாக்கி ஏந்தித் துவந்த யுத்தம் செய்ய நேர்ந்தபோது அவருக்குத் துணையாக நின்ற மேஜர் மாக்நமாராவைக் கேட்டார்கள். பிட்ஸ்ஜெரால்டு குடும்பத்தாருக்குத் தம் குடும்பம் கடமைப்பட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். வேறு யாரும் முன்வரவில்லை. அப்பொழுதுதான், ஓகானலே ஏன் நிற்கக்கூடாது என்ற கேள்வி எழுந்தது.

கேள்வி எளியது, ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதனைக் கேட்கத் துணிந்தவர் இல்லை. கத்தோலிக்கர் பார்லிமெண்டில் அமர முடியாது என்பது குழந்தைகளும் அறிந்த விஷயம். அவ்வாறு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு சொல்லுகிறது என்று எடுத்துப் பார்க்க வேண்டுமென்று தோன்றுவதற்கு ஒரு வக்கீலின் கண் வேண்டியிருந்தது. எடுத்துப் பார்த்தால், கத்தோலிக்கன் ஒருவன் அபேட்சகனாக நிற்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அவனுக்கு வோட்டளிப்பதையும் தடுக்கவில்லை. அதிக வோட்டுப் பெற்றவன் அவனே என்று அதிகாரி பிரகடனம் செய்வதையும் தடுக்கவில்லை. தடை இருந்த இடம் லண்டனில், சபை மண்டபத்தின் நடுவே, பிரமாணம் செய்யும் மேஜையருகில். பூசைப் பலியும், மாதாவையும் அர்ச்சியசிஷ்டவர்களையும் நோக்கிச் செய்யும் வேண்டுதலும் மூடபக்தி என்றும் விக்கிரக ஆராதனை என்றும் வாய்விட்டுக் கூறிக் கையெழுத்திட வேண்டும். போப்பரசருக்கு இந்த ராஜ்யத்தில் எவ்வித அதிகாரமும் இல்லை என்றும் சத்தியம் செய்ய வேண்டும். மானமுள்ள கத்தோலிக்கன் எவனும் அதைச் செய்யமாட்டான் என்ற நம்பிக்கையில்தான் சட்டம் தன் காவலை அங்கே நிறுத்தியிருந்தது. அதற்கு முன்னுள்ள வாசல்களிலெல்லாம் காவல் இல்லை என்பதை ஓகானல் கண்டுகொண்டார். கிளேர் வாசிகளுக்கு அவர் வெளியிட்ட விஞ்ஞாபனத்தில் இதை மறைக்கவில்லை. அந்தப் பிரமாணங்களைத் தாம் ஒருபோதும் செய்யப் போவதில்லை என்றும், அவற்றை உண்டாக்கிய அதிகாரமே அவற்றை நீக்கவும் வல்லது என்றும், தம்மைத் தேர்ந்தெடுத்தால் நீக்கும்படியான நிலைமை உண்டாகும் என்றும் வெளிப்படையாக எழுதினார்.

அப்பொழுது அவருக்கு ஐம்பத்திரண்டு பிராயம். நியாயஸ்தலத்தில் முப்பது வருஷ அநுபவம். சென்ற இதழ்களைப் படித்து வந்தவர்களுக்கு அந்த முப்பது வருஷங்களின் வரலாறு தெரியும். கெர்ரி ஜில்லாவின் கடலோர மூலையிலிருந்து வந்த பையன், பிரெஞ்சு தேசத்துக் கலாசாலைகளில் படித்துப் புரட்சியின் நெருப்புக்குத் தப்பி ஓடிவந்து, லண்டனில் சட்டம் பயின்று, 1798-இல் டப்ளினில் பாரிஸ்டராகப் பதிவு செய்துகொண்டதைக் கண்டோம். கத்தோலிக்கர் வக்கீல் தொழில் செய்யலாமென்ற அநுமதி 1792-இல்தான் வந்தது. அந்த அநுமதியிலும் ஒரு எல்லை வகுத்திருந்தார்கள். அரசரின் வழக்கறிஞர் என்ற பட்டமும் அதற்குரிய பட்டு அங்கியும் அவர்களுக்கு இல்லை. நீதிபதி ஸ்தானம் இல்லவே இல்லை. தமக்குப் பின்னால் வந்தவர்களும், தம்மிடம் சட்ட யோசனை கேட்டுப் போனவர்களும் பட்டு அங்கி தரித்து முன்வரிசையில் அமர்ந்திருக்க, அயர்லாந்தின் தலைசிறந்த நியாயவாதி சாதாரண அங்கியோடு பின்வரிசையில் எழுந்து நின்று வாதாடினார். கத்தோலிக்கர் விடுதலைச் சட்டத்துக்கு முந்திய ஆண்டில் தமது வரும்படி சுமார் 8,000 பவுன் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். மாரிக்காலத்து விடியற்காலையில், டப்ளினில் அவர் வசித்த மெரியன் சதுக்கத்தின் வழியாகப் போகிறவர்கள், ஊரெல்லாம் உறங்கும்போது ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கெரிவதையும், சுவரில் சிலுவை தொங்குவதையும், அதன் எதிரே கேஸ் கட்டுகளுக்கு நடுவில் பருத்த தேகமுள்ள ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதையும் காணலாமாம்.

இந்தப் புகழ் மாலையில் ஒரு முள்ளும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது சரித்திரத்துக்குத் துரோகம். 1813-இல் ‘டப்ளின் ஈவினிங் போஸ்ட்’ பத்திரிகையின் ஆசிரியர் மகீ மீது அரசாங்கம் தொடுத்த அவதூறு வழக்கில் ஓகானல் செய்த பிரசங்கத்தைப் பற்றி விரிவாக எழுதியிருந்தேன். அட்டர்னி ஜெனரலையும், தெரிந்தெடுத்து அமர்த்தப்பட்ட ஜூரிகளையும், அயர்லாந்தை ஆண்ட முறை முழுவதையுமே கூண்டில் ஏற்றி விசாரித்த அந்தப் பிரசங்கம் தேசம் முழுவதும் அச்சிட்டுப் பரப்பப்பட்டது. ஆனால் மகீ இரண்டு வருஷம் சிறையில் கிடந்தார். தேசத்துக்காக வாதாடிய வக்கீலின் கட்சிக்காரர் வழக்கில் தோற்றார். ஓகானலுடைய வாழ்க்கையில் இந்த நிகழ்ச்சி வேறு ரூபத்தில் மறுபடியும் வருவதை இன்று பார்க்கப் போகிறோம்.

கிளேரில் வெற்றி பெறுவதற்கு வேண்டிய சேனை ஐந்து ஆண்டுகளாகத் தயாராகியிருந்தது. 1823-இல் ஓகானலும் நண்பர்களும் தொடங்கிய கத்தோலிக்க சங்கத்தில், ஆண்டுக்கு ஒரு கினி கொடுக்கக்கூடிய கனவான்களே முதலில் அங்கத்தினராக இருந்தார்கள். காப்பல் தெருவில் ஒரு புத்தகக் கடையின் மாடியில் கூட்டம் நடக்கும். பத்துப் பேர் கூடாவிட்டால் கூட்டம் நடத்த விதியில்லை. பல நாட்களில் அந்தப் பத்துப் பேரும் சேரமாட்டார்கள். 1824 பிப்ரவரியில் ஒரு நாள், மாதம் ஒரு பென்னி வீதம் ஏழை ஜனங்களிடம் சந்தா வசூலிக்க வேண்டுமென்ற தமது யோசனையைக் கொண்டுவர ஓகானல் காத்திருந்தார். நேரம் கடந்துகொண்டிருந்தது, இரண்டு பேர் குறைந்தார்கள். குருமார் எல்லோரும் சந்தா இல்லாமலே அங்கத்தினர் என்று ஒரு விதி இருந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. கீழே இறங்கினார், கடையில் புத்தகம் வாங்க வந்திருந்த மேனூத் கலாசாலைக் குருமார் இருவரைப் பிடித்தார், அரசியல் கூட்டத்துக்கு வரத் தயங்கிய அவர்களைப் பாதி வற்புறுத்தியும் பாதி தள்ளியும் மாடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். பத்து ஆயிற்று, தீர்மானம் நிறைவேறியது. இவ்வளவு சிறிய வாசல் வழியாகத்தான் ஐரோப்பாவின் முதல் பெரிய ஜனக் கட்சி சரித்திரத்திற்குள் நுழைந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மாதா கோவில் வாசலில் அந்தப் பென்னிகள் விழுந்தன. ஆயிரக்கணக்கான பவுன் சேர்ந்தது பெரிய காரியமே. அதைவிடப் பெரிய காரியம், பென்னி கொடுத்த குடியானவன் அன்று முதல் சங்கம் தன்னுடையது என்று எண்ணத் தொடங்கியது. நூறு வருஷங்களுக்குப் பிறகு நமது காங்கிரஸ் மகாசபை நான்கணாச் சந்தா ஏற்படுத்தியபோது கிராமங்களில் நிகழ்ந்ததை நேரில் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி கிளேருக்கு வருவோம். ஜில்லாவில் வோட்டுரிமை பெற்றவர்களில் பெரும்பாலோர் ‘நாற்பது ஷில்லிங் குடியானவர்கள்’ எனப்பட்டவர்கள். ஆயுட்காலக் குத்தகைக்கு நிலம் பெற்று, வாரம் கொடுத்தது போக வருஷத்துக்கு நாற்பது ஷில்லிங், அதாவது இரண்டு பவுன், தனக்கு மிஞ்சும் என்று சத்தியம் செய்யக்கூடியவனுக்கு வோட்டு உண்டு. கத்தோலிக்கருக்கு 1793-இல் இவ்வுரிமை கிடைத்ததும், தங்கள் வோட்டுப் பலத்தைப் பெருக்கிக்கொள்ளும் பொருட்டு நிலச்சுவான்தார்களே இத்தகைய சிறு குத்தகைகளை ஏராளமாக உண்டாக்கினார்கள். ரகசிய வோட்டு என்பது அப்பொழுது கிடையாது. குடியானவன் கச்சேரியில் ஏறி நின்று, தன் எஜமானுடைய ஏஜெண்டு கேட்கும்படி, தான் விரும்பும் அபேட்சகரின் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். எஜமானுக்கு விரோதமான பெயரைச் சொன்னவனிடம் வாரபாக்கி முழுவதும் மறுநாளே கேட்கப்படலாம். கொடுக்காவிட்டால் குடிசையிலிருந்து வெளியேற்றப்படலாம். 1826-இல் வாட்டர்போர்டு ஜில்லாவில் இக்குடியானவர்கள் முதன்முறையாகத் துணிந்து, தலைமுறை தலைமுறையாக அங்கே ஆதிக்கம் செலுத்திய பெரஸ்போர்டு வம்சத்தாரைத் தோற்கடித்திருந்தார்கள். ஆனால் அங்கே அவர்கள் ஆதரித்த அபேட்சகர் ஒரு பிராட்டஸ்டண்டு கனவான். கிளேரில் நின்றவரோ, அவர்களைப் போலவே சட்டத்தால் ஒதுக்கப்பட்டவர்.

ஜூலை முதல் வாரத்தில் என்னிஸ் என்னும் தலைநகரில் ஐந்து நாட்கள் வோட்டுப் பதிவு நடந்தது. சுமார் முப்பதினாயிரம் பேர் அச்சிறிய ஊரில் வந்து குழுமினார்கள். ஒவ்வொரு கிராமத்துக் குடியானவர்களும் தங்கள் பங்குக் குருவின் தலைமையில், பச்சைக் கிளைகளை ஏந்தி அணிவகுத்து வந்தார்கள். தேர்தல் என்றால் சாராயமும் தடியடியும் என்று பழகியிருந்த அந்நாட்டில், தேர்தல் முடியும் வரையில் யாரும் சாராயத்தைத் தொடக்கூடாதென்று சங்கம் கட்டளையிட்டது, ஜனங்கள் கீழ்ப்படிந்தார்கள். கலகம் எழும், அடக்கலாம் என்று துருப்புகளை அருகில் தயாராக வைத்திருந்த அதிகாரிகளுக்கு வேலையே இல்லாமற் போயிற்று. லண்டனில் மந்திரிகளைக் கலங்கச் செய்தது இந்த அமைதிதான் என்று நான் கருதுகிறேன். கலகம் செய்யும் ஜனங்களை ஆளும் வித்தை அவர்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு அறுபது நாழிகையும் அமைதியாக நிற்கும் ஜனங்களை எப்படி ஆளுவது என்பது அவர்கள் கற்காத பாடம்.

அபேட்சகர்களின் பிரசங்கங்களில் ஓகானல் நடந்துகொண்ட விதத்தை மட்டும் என்னால் புகழ முடியவில்லை. பிட்ஸ்ஜெரால்டு தாம் கத்தோலிக்கருக்கு ஆற்றிய பணிகளை எடுத்துக் கூறி, மரணப் படுக்கையில் கிடந்த தம் தந்தையைப் பற்றிப் பேச வந்தபோது கண்ணீர் விட்டார். எதிர்க்கட்சியாருள்ளும் பலர் நெஞ்சம் உருகினார்கள். பதில் சொல்ல எழுந்த ஓகானல், ஜூரியின் மனம் எதிர்க்கட்சி வக்கீலிடம் சாய்வதைக் கண்ட அநுபவசாலியைப் போல, அந்த இரக்கத்தைக் கடுஞ்சொற்களால் அரை மணியில் கலைத்துவிட்டார். வாதம் வென்றது; வென்ற விதம் பெருந்தன்மைக்கு ஒவ்வாதது.

ஓகானலுக்கு 2,057 வோட்டுகள், பிட்ஸ்ஜெரால்டுக்கு 982. ஐந்தாம் நாள் தோல்வியை ஒப்புக்கொண்டு மந்திரி லண்டனுக்குத் திரும்பினார்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளேரில் நிகழ்ந்தது இனி ஒவ்வொரு ஜில்லாவிலும் நிகழும், தடுத்தால் உள்நாட்டு யுத்தம் மூளும் என்பதை வெலிங்டனும் உள்நாட்டு மந்திரி பீலும் உணர்ந்தார்கள். வாழ்நாளெல்லாம் கத்தோலிக்கர் உரிமையை எதிர்த்துப் புகழ் பெற்ற பீல், அவ்வுரிமையை வழங்கும் மசோதாவைத் தாமே கொண்டுவர வேண்டியவரானார். தம்மைத் தேர்ந்தெடுத்த ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் தீர்ப்பை மறுபடி கேட்டு நின்று, அங்கே தோற்றும் போனார். நான்காம் ஜார்ஜ் மன்னர் அழுதும் வெகுண்டும் பார்த்துவிட்டு, 1829 ஏப்ரல் 13-இல் கையெழுத்திட்டார். பார்லிமெண்டின் கதவு கத்தோலிக்கருக்குத் திறந்தது.

திறந்தவர்கள் ஓகானலுக்கு ஒரு சிறுமையை வைத்தே திறந்தார்கள். இனிமேல் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களுக்கே புதிய பிரமாணம் என்று சட்டத்தில் சொற்களை அமைத்தார்கள். அவரோ முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1829 மே 15-இல் அவர் சபையில் நுழைந்து மேஜையருகே சென்றபோது பழைய பிரமாணம் நீட்டப்பட்டது, மறுத்தார், வெளியே போகும்படி சபாநாயகர் உத்தரவிட்டார். சில நாட்களில் சபையின் கடைவாயிலில் நின்று தம் கட்சியை எடுத்துரைக்க அவருக்கு அநுமதி கிடைத்தது. முரட்டுக் கிளர்ச்சிக்காரனைக் காணப்போகிறோமென்று எதிர்பார்த்திருந்த சபை, நிதானமாகச் சட்டத்தை விளக்கும் ஒரு பெரிய வக்கீலைக் கண்டது. ஆயினும் 190-க்கு 116 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்மானித்தது. அப்படியாயின் பழைய பிரமாணத்தைச் செய்வீரா என்று மறுநாள் கேட்டார்கள். அச்சிட்ட அட்டையை வாங்கி, கண்ணாடி அணிந்து, முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். இதில் உண்மையல்லவென்று தமக்குத் தெரிந்த சங்கதி ஒன்று இருக்கிறது, உண்மையல்லவென்று தாம் நம்பும் கருத்து ஒன்றும் இருக்கிறது, ஆதலால் செய்ய இயலாது என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கிளேருக்கு மறுதேர்தல் விதிக்கப்பட்டது. ஜூலை மாதத்தில் போட்டியின்றியே அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று எழுதுகிறபோதே ஒரு வேதனை எழுகிறது. முந்திய ஜூலையில் எஜமானின் முகத்துக்கு நேரே அவர் பெயரைச் சொன்ன குடியானவர்கள் இந்த ஜூலையில் எங்கே? விடுதலைச் சட்டத்தோடு கூடவே பார்லிமெண்டு மற்றொரு சட்டத்தையும் நிறைவேற்றியிருந்தது. அயர்லாந்தின் ஜில்லாக்களில் வோட்டுரிமைக்கு வேண்டிய தகுதி நாற்பது ஷில்லிங்கிலிருந்து பத்துப் பவுனாக, ஒரேயடியாக ஐந்து மடங்கு உயர்த்தப்பட்டது. ஏறக்குறைய 2,16,000 பேராக இருந்த வோட்டர்கள் 37,000 பேராகக் குறைந்தார்கள். பாரிஸ்டர்களுக்குப் பட்டு அங்கியும், கனவான்களுக்குப் பார்லிமெண்டு ஸ்தானமும், வர்த்தகர்களுக்கு நகர சபைப் பதவியும் கிடைக்கும் வழியைத் தன் முதுகில் சுமந்து திறந்தவனிடமிருந்து, அவனிடம் இருந்த ஒரே ஆயுதம் பிடுங்கிக்கொள்ளப்பட்டது.

ஓகானல் இதைத் தடுத்திருக்க முடியுமா? தடுக்க முயன்றிருந்தால் விடுதலைச் சட்டமே கவிழ்ந்திருக்கும் என்பது அவர் பக்கத்து வாதம்; அதில் சத்தியம் உண்டு. ஆயினும் 1825-இலேயே இத்தகைய பேரம் ஒன்று எழுந்தபோது, குடியானவர் வோட்டை விட்டுக்கொடுக்க அவர் இசைந்தார் என்பதையும், பிறகு வாட்டர்போர்டில் அவர்களுடைய வீரத்தைக் கண்டு வெட்கி, இனி அவர்களைக் கைவிடுவதில்லை என்று வாக்களித்தார் என்பதையும் மறப்பதற்கில்லை. அந்த வாக்குறுதி இருந்தும் 1829-இல் அவர் கண்டனம் தெரிவித்தார், கண்டனத்தோடு நின்றார். இரண்டு லட்சம் ஏழைகளின் பொருட்டு, முப்பது வருஷம் உழைத்துக் கைக்கெட்டிய கனியை நழுவ விட அவருக்கு மனம் வரவில்லை. நம்முள் எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று நான் கேட்டுக்கொள்வதுண்டு. என்றாலும் பிழை பிழைதான். மகீயின் வழக்கில் நடந்ததே இங்கும் நடந்தது: வாதம் வென்றது, கட்சிக்காரன் தண்டனை அடைந்தான்.

இதை எழுதிவிட்டு இங்கேயே நிறுத்தினால் அந்த மனிதரின் முழு உருவத்தைக் காட்டாதவனாவேன். ஏனெனில், அதே ஆண்டு அக்டோபரில், தமக்கு ஒரு பயனும் இல்லாத நிலையில், பெயர் தெரியாத குடியானவர் சிலருக்காக அவர் செய்த காரியமும் இருக்கிறது.

கார்க் ஜில்லாவில் டோனெரைல் என்னும் கிராமத்தைச் சுற்றியிருந்த நிலச்சுவான்தார் சிலரைக் கொலை செய்யச் சதி நடந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. சாட்சி சொன்னவர்களில் முக்கியமானவன் டாலி என்ற உளவாளி. தனி நீதிமன்றம் அமைத்துக் கார்க் நகரில் விசாரித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களின் முதல் தொகுதியில் நான்கு பேர். அவர்களுள் லியரி என்பவர் எழுபது வயதை எட்டிய, ஊரார் மதிப்புக்குரிய கிழவர். ஜூரிகள் இருபது நிமிஷத்தில் குற்றவாளிகள் என்றார்கள். நால்வருக்கும் தூக்குத் தண்டனை. அடுத்த தொகுதி திங்கட்கிழமை என்று நீதிபதிகள் அறிவித்தார்கள். சனிக்கிழமை மாலை பர்க் என்ற குடியானவர் ஒருவர் குதிரையேறி, மலைவழியாகத் தொண்ணூறு மைல் இரவெல்லாம் சவாரி செய்து, ஞாயிறு காலையில் ஓகானலின் டெரினேன் மாளிகை வாசலில் வந்து இறங்கினார். நீங்கள் வராவிட்டால் இவர்கள் எல்லோரும் தூக்கில் தொங்குவார்கள் என்பதே அவர் கொண்டுவந்த செய்தி.

ஓகானல் அன்றைக்கே வண்டி பூட்டச் சொன்னார். பார்லிமெண்டுக்கு இனி அவர் தடையின்றிப் போகலாம். தொழிலை விடுவதென்றும் ஏறக்குறையத் தீர்மானித்துவிட்டார். மாளிகையில் ஓய்ந்திருந்து வேட்டையாடும் காலம் அது. பகலும் இரவும் பயணம் செய்து, திங்கட்கிழமை காலையில் சொலிசிட்டர் ஜெனரல் டோஹர்ட்டி ஜூரிகளை நோக்கிப் பேசிக்கொண்டிருக்கும்போது நியாயஸ்தலத்துக்குள் நுழைந்தார். வெளியே எழுந்த ஆரவாரத்தில் உள்ளே பேசியவரின் குரல் அமுங்கிப் போயிற்று. பசியாறவும் நேரமில்லாததால் நீதிபதியின் அநுமதி பெற்று, ரொட்டியையும் பாலையும் அங்கேயே வரவழைத்து, வாயில் ரொட்டியோடேயே, சொலிசிட்டர் ஜெனரல் சொன்ன சட்ட விளக்கங்களை இடைமறித்து மறுக்கலானார். மறுத்த இடங்களில் நீதிபதிகள் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள்.

பிறகு சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். சபையில் பேசிய ஓகானலும், கூட்டங்களில் கர்ஜித்த ஓகானலும் அன்று அங்கே இல்லை. தேசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அரசாங்கத்தின் அநீதியைப் பற்றிப் பிரசங்கம் இல்லை. தேதி என்ன, மணி என்ன, சதி நடந்ததாகச் சொல்லப்பட்ட கூடாரத்தில் யார் யார் இருந்தார்கள், கையெழுத்திட்ட காகிதம் எங்கே என்ற சிறு சிறு கேள்விகள். டாலி முன்பு மாஜிஸ்திரேட்டிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்த வாக்குமூலத்தை நீதிபதி பென்னிபாதர் எதிர்க்கட்சியின் பார்வைக்குக் கொடுத்ததும், கூண்டில் அவன் சொல்வதற்கும் அதற்கும் உள்ள முரண்பாடு வெளியாயிற்று. அந்தத் தொகுதியில் ஜூரிகள் ஒருமனப்படாமல் கலைந்தார்கள். அடுத்த தொகுதியில் வந்தவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தார்கள். மிச்சமிருந்த வழக்குகளை அரசாங்கம் நடத்தத் துணியவில்லை. முதல் நால்வரின் தூக்குத் தண்டனையும் தீவாந்தர சிட்சையாக மாற்றப்பட்டது; கிழவர் லியரி உயிர் தப்பினார்.

வக்கீல் ஓகானலின் கடைசிப் பெரிய வழக்கு அதுவே. 1830 பிப்ரவரியில் அவர் புதிய பிரமாணத்தைச் செய்து கிளேரின் பிரதிநிதியாகக் காமன்ஸ் சபையில் அமர்ந்தார். வரும்படி நின்றுவிட்டது; பெரிய குடும்பம், பெரிய கடன், திறந்த கை. அவரைத் தாங்குவதற்கென்று ஆண்டுதோறும் தேசம் முழுவதிலும் ஒரு காணிக்கை வசூலிக்க நண்பர்கள் ஏற்பாடு செய்தார்கள். லண்டன் பத்திரிகைகள் அவரைப் பிச்சைக்காரன் என்று ஏசின. வோட்டை இழந்த நாற்பது ஷில்லிங் குடியானவர்கள், மாதா கோவில் வாசலில் அந்தக் காணிக்கைக்கும் தங்கள் பென்னியைப் போட்டார்கள்.

(தொடரும்)